தமுக்கத்தில் என்ன புத்தகம் வாங்கலாம்?

கார்த்தி: சனிக்கிழமை தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்குப் போகிறேன். இந்தத் தடவை நாவல் வேண்டாம் என்று இருக்கிறேன். அரசியல், சட்டம், தேர்தல் இதெல்லாம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ரெண்டு வாங்கலாம்.

சரவணன் அண்ணன்: நம் குழுவையே அச்சடித்தால் போதும்டா, அதிகாரம் மோதல் ரெண்டும் முந்நூறு பக்கம் தேறும் 😂

பெரியப்பா: தலைவர்களின் வாழ்க்கை வரலாறு வாங்கு. நேரு, அம்பேத்கர், காமராஜர் மூன்று பேரையும் படித்தால் மற்றது தானாக விளங்கும்.

நிலா அக்கா: பெரியப்பா, நீங்கள் தாலுகா ஆபீஸில் இருந்துகொண்டே இப்படிச் சொல்லலாமா? உங்கள் ஆட்களைப் பற்றியே ஒரு புத்தகம் இருக்கிறது. ஓர்னித் ஷானி என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் எழுதியது, 2018-இல் வந்தது, ஆங்கிலத்தில்தான். நம் முதல் வாக்காளர் பட்டியல் எப்படித் தயாரானது என்பதுதான் முழுப் புத்தகமும்.

சரவணன் அண்ணன்: வாக்காளர் பட்டியலுக்கு ஒரு புத்தகமா! தூக்கம் வராதவர்களுக்கு நல்லது

நிலா அக்கா: நானும் அப்படித்தான் எடுத்தேன், அப்புறம் கீழே வைக்க முடியவில்லை. கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது இருந்தால்தான் ஓட்டு, கடைசியாக நடந்த தேர்தலில் சுமார் 3 கோடிப் பேருக்குத்தான் அந்த உரிமை. முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேல். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அரசியல் சாசனம் 1950-இல்தான் நடைமுறைக்கு வந்தது, பட்டியல் வேலையோ 1948-லேயே தொடங்கிவிட்டது. அதாவது இன்னும் இல்லாத ஒரு சட்டத்தை நம்பி, பிரிவினைக் கலவரமும் அகதிகள் கூட்டமுமாக நாடு கிடந்த நேரத்தில், வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

பெரியப்பா: அகதிகளை எப்படி எழுதினார்கள்? குறிப்பிட்ட நாள் ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்று விதி இருந்திருக்குமே.

நிலா அக்கா: இருந்தது, 180 நாள். வந்து இறங்கி ஒரு மாதம் ஆனவன் எங்கே போவான்? அதனால் "இங்கேயே நிரந்தரமாகத் தங்கப் போகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் அசாமில் அதிகாரிகள் அகதிகளைச் சேர்க்காமல் இழுத்தடித்தார்கள், "நிலையில்லாத கூட்டம்" என்ற மாதிரி காரணம் சொல்லி. அகதிகள் சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. சாசனத்தை எழுதிக்கொண்டிருந்த அரசியல் நிர்ணய சபையின் செயலகத்துக்கு மனு மேல் மனு. அந்த மனுக்களில் சாசனத்தின் வரைவை மேற்கோள் காட்டி, இன்ன பிரிவுப்படி எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடியிருக்கிறார்கள். வரைவைத்தான்! டெல்லியில் அதன் மேல் விவாதமே முடியவில்லை.

பெரியப்பா: 👏 இது எனக்குத் தெரியாது.

சித்தி: பெண்கள் பெயரெல்லாம் ஒழுங்காக எழுதினார்களா? எங்கள் அப்பத்தாவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நிலா அக்கா: சித்தி, சரியான இடத்தைப் பிடித்தீர்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் நிறைய பெண்கள் தன் பெயரைச் சொல்லவில்லை, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றுதான் எழுதச் சொன்னார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்றுவிட்டார். பெயரைச் சொல்லக் கூடுதல் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள்.

சித்தி: 28 லட்சமா 😳 அந்த மனுஷன் செய்தது அநியாயம். வீட்டு வழக்கத்துக்கு அவள் என்ன செய்வாள்?

பெரியப்பா: அப்படிச் சொல்லாதேம்மா. ஒரே தெருவில் நாலு ராமசாமி மனைவி இருந்தால் யார் ஓட்டை யார் போட்டது என்று எப்படித் தெரியும்? 18 வயதுக்கு ஓட்டு வந்த 1989-இல் நான் பட்டியல் வேலை பார்த்தவன். பெயரில்லாமல் எழுதினால் ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டுவிடுவார்.

சித்தி: அத்தான், அது சரி. ஆனாலும் அந்தத் தேர்தலில் அவளுக்கு ஓட்டு இல்லை, அவள் புருஷனுக்கு இருந்தது. அவ்வளவுதான் நான் சொல்வது.

நிலா அக்கா: ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, என் ஓட்டு சித்திக்கு. கண்டிப்பாக இருந்ததால் அடுத்தடுத்த தேர்தல்களில் பெண்கள் சொந்தப் பெயரில் வந்தார்கள் என்பார்கள், இருக்கலாம். கார்த்தி, தலைவர்கள் வரலாறு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். யார் உள்ளே, யார் வெளியே என்பது ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் முடிவாகிறது. மேடைப் பேச்சில் அது வரவே வராது.

கார்த்தி: ஓகே அக்கா. ரெண்டாவது?

நிலா அக்கா: ரோஹித் டே எழுதியது, அதுவும் 2018. சாசனம் வந்த கையோடு நீதிமன்றத்துக்கு ஓடியவர்கள் யார் என்று பழைய வழக்குக் கட்டுகளைத் தோண்டியிருக்கிறார். பெரிய மனிதர்கள் மட்டும் இல்லை, கசாப்புக்காரர்கள், பாலியல் தொழிலாளிகள், காய்கறி வியாபாரிகள். உத்தரப் பிரதேசத்தில் ஜலாலாபாத் என்று ஒரு சின்ன ஊர். அங்கே காய்கறி மொத்த வியாபாரத்தை நகரக் குழு ஒரே குத்தகைதாரர் கையில் கொடுத்துவிட்டது. முகமது யாசின் என்ற வியாபாரி, என் தொழில் உரிமை போகிறது என்று நேரே உச்ச நீதிமன்றம் போய் 1952-இல் ஜெயித்தார். ஒருத்தர் தோற்ற கதையும் இருக்கிறது, அலகாபாத்தில் ஹுஸ்னா பாய் என்ற 24 வயதுப் பெண், பாலியல் தொழில் தடுப்புச் சட்டத்தை எதிர்த்து 1958-இல் போட்ட மனு தள்ளுபடி. நீதிபதி முன்னால் வந்து என் பிழைப்பு உரிமை என்று சொல்லியிருக்கிறாளே, அந்தக் காலத்தில்!

சரவணன் அண்ணன்: காய்கறிக்காரர் டெல்லிவரை போயிருக்கிறார். நான் இன்னும் பார்க்கிங் தகராறுக்குச் செயலாளரிடமே போகவில்லை

பெரியப்பா: நிலா, எல்லாம் சரி. ஆனால் பெரிய நாற்காலியில் ஒரு தனி மனிதன் இருப்பதும் முக்கியம். நீதிபதி எச்.ஆர். கன்னாவின் சுயசரிதை வாங்கச் சொல்லு. எமர்ஜென்சியில் சிறையில் அடைக்கப்பட்டவர்கள், எங்களை அடைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கிற ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற வழக்கு, 1976 ஏப்ரல் 28. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்று சொல்லியிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நாலு பேர் முடியாது என்றார்கள், இவர் ஒருவர்தான் மாறுபட்டார். தலைமை நீதிபதி பதவி போய்விடும் என்று தெரிந்தே எழுதினார். மறு ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரை நியமித்தார்கள், ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

நிலா அக்கா: கன்னாவை நான் எப்போது மறுத்தேன் பெரியப்பா? ஆனால் அவர் சொன்னது அன்றைக்குச் செல்லவில்லையே. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று 2017-இல்தான் சொன்னார்கள். அந்த 2017 தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவர், 1976-இல் முடியாது என்ற நாலு பேரில் ஒருவருடைய மகன் என்பது வேறு கதை.

பெரியப்பா: 41 வருஷம் கழித்தாவது எடுத்துச் சொல்ல ஒரு தாள் இருந்ததே. அதுதான் என் வாதம்.

சித்தி: எல்லாமே இங்கிலீஷ். தமிழில் ஒன்று சொல்லுங்களேன், நானும் படிக்கிறேன்.

நிலா அக்கா: நீதியரசர் சந்துரு எழுதிய "நானும் நீதிபதி ஆனேன்" வாங்குங்கள் சித்தி. நம் மாவட்டத்தில் ஒரு கிராமக் கோயிலில் பெண் பூசாரியாக இருக்கக் கூடாது என்று தடுத்தபோது, எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை என்று 2008-இல் தீர்ப்புக் கொடுத்தவர் அவர்தான்.

சித்தி: கார்த்தி, அதில் எனக்கு ஒன்று. ஜிபே பண்ணிவிடுகிறேன்.

கார்த்தி: சரி சித்தி. அக்கா, ஷானியும் டேயும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் கடன் கொடு, அந்தக் காசில் கன்னா கிடைக்கிறாரா பார்க்கிறேன்.

நிலா அக்கா: ஷானி தருகிறேன். டே சீனியர் எடுத்துப் போனார், திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லை.

பெரியப்பா: அந்தப் பட்டியல் புத்தகத்தை முதலில் எனக்குக் கொடு. அசாம் அதிகாரிகள் ஃபைலில் என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.