வீட்டு வேலைகளுக்கு விலை குறைந்த கம்பியில்லா டிரில் எதை வாங்கலாம்?

புதுமனை:

வணக்கம். சென்ற மாதம் தாம்பரம் அருகே, கட்டி 12 ஆண்டுகள் ஆன ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கிக் குடிவந்தோம். ஐந்து சன்னல்களுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும். சமையலறைக்கு ஒரு பலகை, கூடத்துக்குச் சாமி படங்கள், தளர்ந்துபோன இரண்டு கதவுக் கீல்கள், பிரித்த நிலையில் வந்து இறங்கியிருக்கும் ஒரு கட்டில் என வேலைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஆளைத் தேடிப் பிடித்து, அவர் வரும் வரை காத்திருப்பதைவிடச் சொந்தமாக ஒரு டிரில் வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது.

என்னால் 5,000 ரூபாய் வரை செலவிட முடியும். அவசியமானால் இன்னும் ஓராயிரம் சேர்க்கலாம். இணையக் கடையில் '48 வோல்ட்' என்று எழுதிய பெயர் தெரியாத டிரில் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெயர் பெற்ற நிறுவனங்களின் 12 வோல்ட் டிரில்லோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை சொல்கிறது. வோல்ட் கூடுதலாக இருப்பதுதானே வலுவானது? என் மனைவியும் பயன்படுத்துவார் என்பதால் எடையையும் கருதிச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:

ஐயா, அந்த 48 என்ற எண்ணை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுமையாக மின்னேற்றினால் 4.2 வோல்ட். 12 வோல்ட் டிரில்லின் பேட்டரியில் மூன்று செல்களும் 18 வோல்ட் டிரில்லின் பேட்டரியில் ஐந்து செல்களும் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். அதே ஐந்து செல்களைத்தான் ஒரு நிறுவனம் 18 என்றும், இன்னொன்று 20 என்றும், வேறொன்று 21 என்றும் எழுதுகிறது. 48 வோல்ட் உண்மையாக வேண்டுமென்றால் 13 செல்களாவது தேவை; அவ்வளவும் அந்தச் சிறிய கைப்பிடிக்குள் அடங்காது. பழுதுபார்க்க என்னிடம் வந்த அப்படிப்பட்ட ஒரு பேட்டரியைத் திறந்தபோது உள்ளே ஐந்து செல்களே இருந்தன, அவற்றிலும் இரண்டு செத்துப் போயிருந்தன. மாற்றுப் பேட்டரி எங்கும் கிடைக்காததால் நல்ல நிலையில் இருந்த மோட்டாரும் வீணாகிவிட்டது.

உங்கள் பட்டியலுக்கு நல்ல நிறுவனத்தின் 12 வோல்ட் டிரில் ஒன்றே போதும். பேட்டரியோடு சேர்த்தே ஏறத்தாழ ஒரு கிலோதான் இருக்கும் என்பதால் தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலையிலும் தோள் நோகாது. வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, ஹாமர் வசதி, அதாவது சுழலும்போதே சுவரில் அடித்தடித்துத் துளையிடும் வசதி, உள்ளதா என்பது. போஷ் நிறுவனத்தில் 'ஜி.எஸ்.ஆர்.' என்று தொடங்கும் கருவிகளில் அது கிடையாது, 'ஜி.எஸ்.பி.' என்று தொடங்குபவற்றில் உண்டு. பெட்டியின் மேலுள்ள அந்த ஓரெழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, செங்கல் சுவரில் துளை இறங்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் பலர். இரண்டாவது, பெட்டியில் இரண்டு பேட்டரிகள் இருக்க வேண்டும், ஏனெனில் தனியாக ஒன்று வாங்கும் விலை மிக அதிகம். மூன்றாவது, உங்கள் ஊரிலேயே அந்த நிறுவனத்துக்குச் சேவை மையம் இருக்க வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டார் (தேயும் கார்பன் பிரஷ் இல்லாதது) நல்லதுதான், ஆனால் மாதம் இரண்டு முறை எடுக்கும் கருவிக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

கட்டுமானன்:

பட்டறைக்காரர் சொன்ன அனைத்தும் சரி. ஆனால் அவர் சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. டிரில்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

திரைச்சீலைக் கம்பியின் தாங்கிகள் சன்னலுக்குச் சற்று மேலே வரும். அந்த இடத்தில் இருப்பது செங்கல் அல்ல, லிண்டல். வீடு முழுவதும் செங்கல்லால் கட்டப்பட்டிருந்தாலும் சன்னலின் தலைமேல் கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட்தான் இருக்கும். கம்பியில்லா டிரில்லின் ஹாமர் என்பது பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளுவதுதான். நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்குத்தான் அடி விழும். செங்கல்லுக்கு அது தாராளமாகப் போதும், முதிர்ந்த கான்கிரீட்டுக்குப் போதாது. என் சொந்த வீட்டில் 12 வோல்ட் டிரில்லை லிண்டலில் வைத்து விடாப்பிடியாக அழுத்தினேன். விரற்கடை ஆழம்கூட இறங்கவில்லை. பிட்டின் (டிரில்லில் செருகும் துளையிடும் தண்டின்) முனை நீலம் பாரித்து, மோட்டாரிலிருந்து கருகிய வாடை வந்த பிறகே நிறுத்தினேன்.

ஏ.சி. பொருத்துகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ரோட்டரி ஹாமர் வேறு வகை. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி அடியை உண்டாக்குவதால் நாம் பலம் கொடுக்க வேண்டியதே இல்லை. புதிய அடுக்ககங்களில் அலுமினியப் பலகை அடைத்து எல்லாச் சுவர்களையும் கான்கிரீட்டாகவே ஊற்றுகிறார்கள். அத்தகைய வீடுகளுக்கு அதுதான் தேவை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆணியோ திருகோ பிடுங்கிய துளை ஏதேனும் இருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிவப்பு தெரிந்தால் செங்கல்; சாம்பல் நிறமும் இடையிடையே கருங்கல் ஜல்லியும் தெரிந்தால் கான்கிரீட்.

புதுமனை:

மிக்க நன்றி. முன்பு இருந்தவர்கள் ஏ.சி.யைக் கழற்றிய இடத்தில் நான்கு துளைகள் இருந்தன, உள்ளே நல்ல சிவப்பு. சன்னலின் மேல் அவர்கள் விட்டுச்சென்ற பழைய துளையிலோ சாம்பல் நிறமே தெரிகிறது. அப்படியென்றால் நான் இரண்டு கருவிகள் வாங்க வேண்டுமா? அதற்குப் பணம் இடம் தராது.

அடுக்களைத் தச்சி:

இரண்டும் வாங்க வேண்டாம், சகோதரரே. ஐந்து சன்னல்களுக்கு இருபது துளைகள் வருமா? அதை ஒரே நாளில் முடித்துவிடலாம். பெரிய ஹார்டுவேர் கடைகள் சிலவற்றில் ரோட்டரி ஹாமரை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். முந்தின நாளே எல்லா இடங்களையும் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் உங்களுக்கு உதவப்போவது 12 வோல்ட் டிரில்தான். நான் கோவையில் எட்டு ஆண்டுகளாக வீட்டு அறைகலன்களை நானே செய்தும் பழுதுபார்த்தும் வருகிறேன். டிரில்லை எடுக்கும் பத்து முறைகளில் எட்டு முறை அது திருகு முடுக்கத்தான்.

அதனால் டிரில்லின் கழுத்துப் பகுதியில் எண்கள் போட்ட வளையத்தைப் பழகிக்கொள்ளுங்கள்; திருகு எவ்வளவு இறுகியதும் டிரில் நழுவ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கட்டிலின் திருகுக்கு 5 அல்லது 6-இல் தொடங்கி, திருகு அமர்வதற்கு முன்பே டிக்டிக் என்று நழுவினால் ஓர் எண் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் அதிக எண்ணில் வைத்தால் துகள்பலகையில் திருகு சுழன்றுகொண்டே போய்த் துளை சிதைந்துவிடும், மறுபடி பிடிக்காது. தளர்ந்த கீலுக்கு முதலில் பழைய துளையில் தீக்குச்சிகளையோ மூங்கில் சிம்பையோ மரப்பசை தோய்த்து அடைத்து, இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் சிறு பிட்டால் துளையிட்டு முடுக்குங்கள். சமையலறைப் பலகை சுவரில் பதித்த ஓட்டின்மேல் (டைல்ஸ்) வருமானால் ஹாமரை அணைத்துவிட்டு, குறித்த இடத்தில் காகித டேப் ஒட்டி, கண்ணாடிக்கான வேல்முனை பிட்டால் மெதுவாகத் தொடங்குங்கள். ஓட்டைத் தாண்டிய பிறகு சுவர் பிட்டை மாற்றி ஹாமரைப் போடலாம். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது, அந்த வழியில்தான் ஒயர் குழாய் போகும்.

பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜரில் செருகாமல் ஆறவிடுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள். முழுதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் பரணில் போட்டும் வைக்காதீர்கள்.

கட்டுமானன்:

லிண்டல் துளை பற்றி இன்னும் ஒன்று. உள்பூச்சு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். அதைத் தாண்டி, கான்கிரீட்டுக்குள் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆழத்தில் கம்பி இருக்கும். பிளக்குக்காக (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறைக்காக) 35 மில்லிமீட்டர் போகும்போது திடீரென்று துளை இறங்காமல் நின்று, உலோகச் சத்தம் கேட்டால் அது கம்பிதான். அங்கேயே நிறுத்திவிட்டு, தாங்கியை இரண்டு விரல் அகலம் மேலே நகர்த்தி வேறு துளை இடுங்கள்.