உதவி தேவை: ஆறு பேர் சேர்ந்து எழுதும் தேவதைக் கதை ரோல்ப்ளே நான்காவது சுற்றிலேயே நின்றுவிட்டது

கரிக்கோடு:

வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரோல்ப்ளே கதை எழுதி வருகிறோம். ஆளுக்கு ஒரு பாத்திரம். முறை வைத்து, ஒரு முறைக்கு இருநூறு சொல் அளவில் எழுதுவோம். பழைய தேவதைக் கதைகள் எல்லாம் முடிந்து பத்து வருடம் ஆகிவிட்டது, மலைக் கணவாயில் ஒரு சத்திரம், பனி கொட்டி வழி அடைபட்டதால் எல்லாரும் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். இதுதான் களம்.

பாத்திரங்களை இப்படி மாற்றியிருந்தோம். சிண்ட்ரெல்லா (என்னுடையவள்) இப்போது இரக்கமில்லாத ராணி. ஸ்னோ ஒயிட் விஷம் காய்ச்சுகிறாள். சிவப்புத் தொப்பிச் சிறுமி வளர்ந்து ஓநாய் வேட்டைக்காரி ஆகிவிட்டாள். கோபுரத்தில் அடைபட்டிருந்த நீளக் கூந்தல்காரி ராபன்ஸல் இப்போது மொட்டை அடித்துக்கொண்ட வாள்வீராங்கனை. தவளை இளவரசன் குடிகாரன். வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தந்து குழந்தையை விலையாகக் கேட்ட குள்ளன் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் மட்டும் நல்லவன், வியாபாரி.

முதல் இரண்டு சுற்றும் பிரமாதமாகப் போயின. மூன்றாவது சுற்றில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பழசை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அசையட்டும் என்று நான் ஒரு டிராகனைக் கொண்டுவந்தேன். எல்லாரும் வெளியே ஓடி அதைக் கொன்றுவிட்டுத் திரும்பி வந்து அதே மூலைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். நான்காவது சுற்றில் வேட்டைக்காரியை எழுதுபவர், ராபன்ஸலின் வலது கையை வெட்டிவிட்டதாகவே எழுதிவிட்டார். ராபன்ஸலை எழுதுபவருக்கு மனம் உடைந்துபோனது. அன்றிலிருந்து ஆறு நாளாக யாரும் ஒரு வரி எழுதவில்லை.

கோளாறு பாத்திரங்களிலா, களத்திலா? இந்தக் கதையைக் கைவிட எனக்கு மனமில்லை.

மூன்றாம்பிறை:

முதலில் அந்தக் கை விஷயத்தைச் சரி செய்யுங்கள், மற்றது அப்புறம். வாளை ஓங்கினாள் என்பதுவரைதான் வேட்டைக்காரியை எழுதுபவருக்கு உரிமை. பட்டதா, விலகினாளா, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் ராபன்ஸலை எழுதுபவர் சொல்ல வேண்டியது. அந்தப் பகுதியை எழுதியவரே ஓங்குவதோடு நிறுத்தித் திருத்தி எழுதட்டும். ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்கட்டும், அதைத் தனியாகக் கேட்டால் நல்லது. இந்த விதியை எழுதி மேலே வைத்துவிட்டுத்தான் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும்.

ஆந்தைக்கண்:

மூன்றாம்பிறை சொன்னது சரி. ஆனால் கதை அதற்கு முந்தைய சுற்றிலேயே நின்றுவிட்டது, அதைப் பார்ப்போம்.

உங்கள் ஆறு பேரையும் ஒரே முறையில்தான் மாற்றியிருக்கிறீர்கள். நல்லவள் கெட்டவள், கெட்டவன் நல்லவன், மெல்லியவள் முரடி. சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டாலும் அது அதே சட்டைதான். முதல் முறை நுழையும்போது வாசிப்பவருக்கு ஒரு வியப்பு வரும். "அட, சிண்ட்ரெல்லாவா இப்படி!" அந்த வியப்பு தீர்ந்ததும் அவளுக்கு அந்தச் சத்திரத்தில் செய்ய ஒன்றுமில்லை. அதனால்தான் மூலைக்குப் போய்விட்டாள்.

குணத்தை விட்டுவிட்டு, பழைய கதையில் தீராமல் கிடக்கும் கணக்கைத் தேடுங்கள். ஜெர்மனியில் நாட்டுக்கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதையில் மாற்றாந்தாயின் மகள்கள் இருவரும் காலணிக்குள் கால் நுழையவேண்டும் என்பதற்காக ஒருத்தி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். கல்யாணத்தன்று புறாக்கள் அந்த இருவரின் கண்களையும் கொத்திவிடுகின்றன. அந்தப் புறாக்கள் யார் சொன்னால் கேட்பவை? சிண்ட்ரெல்லா கூப்பிட்டபோதெல்லாம் வந்து அடுப்புச் சாம்பலிலிருந்து பருப்பு பொறுக்கித் தந்தவை அவை. கல்யாணத்தன்று அவள் ஏவினாளா, ஏவாமலே நடந்ததா, கதை சொல்லவில்லை. பத்து வருடமாக அந்தக் கேள்வியோடு வாழும் ஒரு ராணியை எழுதிப் பாருங்கள். இரக்கமில்லாத ராணியைவிட அவள் எவ்வளவோ ஆழமானவள்.

இப்போது ராபன்ஸலுக்கு வாருங்கள். இளவரசன் கோபுரத்திலிருந்து குதித்து, முள் குத்திக் கண் இழந்து காட்டில் அலைகிறான். பின்னால் அவளைக் கண்டுபிடிக்கும்போது அவளுடைய இரண்டு சொட்டுக் கண்ணீர் பட்டு அவனுக்குப் பார்வை திரும்புகிறது.

ஒரு சத்திரம். கண் இழந்த அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வருகிறாள். கண்ணீரால் பார்வை தரக்கூடிய இன்னொருத்தி அதே கூடத்தில், வேறு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இனி நீங்கள் டிராகனைத் தேட வேண்டியதில்லை.

கரிக்கோடு:

இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி.

இரண்டு சந்தேகம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்குச் சினிமாவில் பார்த்த சிண்ட்ரெல்லாதான் தெரியும். புறாவும் கண்ணும் அவர்களுக்குப் புதிது. "இது உண்மையான கதை இல்லையே" என்றால் என்ன சொல்வது? இன்னொன்று, ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதை முடிவில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு சாகிறான். அவன் எப்படிப் பத்து வருடம் கழித்து வருவான்? இதுவரை யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு உறுத்துகிறது.

ஆந்தைக்கண்:

இரண்டுக்கும் ஒரே பதில்தான். உண்மையான கதை என்று ஒன்று கிடையாது. பிரெஞ்சுக்காரர் பெரோ 1697-இல் எழுதிய சிண்ட்ரெல்லாவில்தான் கண்ணாடிக் காலணி வருகிறது. அதில் அவள் சகோதரிகளை மன்னித்து அரண்மனைப் பிரபுக்களுக்குக் கட்டிவைக்கிறாள். கிரிம் சகோதரர்களும் தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 1812-இல் வந்த முதல் பதிப்பில் புறாக்கள் கண்ணைக் கொத்துவதில்லை, அது 1819 பதிப்பில்தான் சேர்கிறது. முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது பெற்ற தாய். அதுவும் 1819-இல்தான் மாற்றாந்தாய் ஆகிறது. அவர்களே இவ்வளவு மாற்றியிருக்கும்போது உங்களுக்கும் மாற்ற உரிமை உண்டு. உங்கள் ஆறு பேரும் ஒப்புக்கொள்கிற வடிவம் எதுவோ அதுவே இந்த ஆட்டத்தில் உண்மை.

ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் பற்றிக் கவலை வேண்டாம். அதே 1812 பதிப்பில் அவன் சாகவில்லை. கோபத்தோடு ஓடிப்போகிறான், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் அவனை அங்கிருந்து அழைத்து வரலாம்.

உப்புக்கல்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆந்தைக்கண் சொன்னது எல்லாம் அருமை. ஆனால் ஆறு பேரையும் பதிப்புகளைத் தேடிப் படிக்கச் சொன்னால் ஆட்டம் பரீட்சை ஆகிவிடும். எங்கள் குழுவில் ஒரு முறை அப்படித்தான் ஆனது. ஒருவர் எதை எழுதினாலும் "மூலத்தில் அப்படி இல்லை" என்று இன்னொருவர் திருத்துவார், கடைசியில் எழுதுவதற்கே பயந்தார்கள்.

ஒவ்வொருவரும் தங்கள் கதையிலிருந்து மூன்றே விஷயம் எடுத்து வரட்டும்: கையில் ஒரு பொருள், தாங்க முடியாத ஒன்று, இன்னொருவரிடம் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு தேவை. சிவப்புத் தொப்பிக்காரி ஓநாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததும் சொல்லும் முதல் பேச்சே உள்ளே எவ்வளவு இருட்டு என்பதுதான். அப்படியானால் அவளால் விளக்கு அணைந்த அறையில் தூங்க முடியாது. அவள் வேட்டைக்காரியாகவே இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். ஆனால் சத்திரத்தில் எண்ணெய் தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் அவளாகவே எழுந்து யாரிடமாவது போவாள்.

அதே மாதிரி ராபன்ஸலின் வாளையும் பிடுங்காதீர்கள். அதை எழுதுபவர் ஆசைப்பட்டு எடுத்த பாத்திரம் அது. ஏற்கெனவே ஒரு முறை கையை இழந்திருக்கிறார்.

மூன்றாம்பிறை:

மூன்றாவது விஷயம்தான் உயிர். முதல் இரண்டும் இருந்தும் அது இல்லாவிட்டால் எல்லாரும் மறுபடி மூலைக்குத்தான் போவார்கள். இன்னொன்று: தேவை யாருடையதோ அவர் அதை எழுதலாம், கிடைத்ததா இல்லையா என்பதை மட்டும் மற்றவர் முடிவு செய்யட்டும். வாளுக்குச் சொன்ன விதியேதான் கண்ணீருக்கும்.

சத்திரம் நடத்துவது யார்? அதை யாரும் எடுக்கவில்லையென்றால் ஒரு யோசனை. தூங்கும் அழகியின் கதையில், கிரிம் வடிவில், நாட்டில் பதின்மூன்று மந்திரக்காரிகள் இருக்கிறார்கள். அரசனிடம் பொன் தட்டு பன்னிரண்டுதான் இருக்கிறது. ஒரு தட்டு குறைந்ததால் விருந்துக்கு அழைக்கப்படாத பதின்மூன்றாமவள்தான் சாபம் இடுகிறாள். அவளைச் சத்திரக்காரி ஆக்குங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துவிடுவாள், ஒருவரையும் வெளியே நிறுத்த மாட்டாள். அவளைச் சுற்றுக்கு ஒருவர் எழுதலாம்.

கரிக்கோடு:

எட்டு நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல.

வேட்டைக்காரியை எழுதுபவர் தன் பகுதியை வாள் ஓங்குவதோடு நிறுத்தித் திருத்தி எழுதினார். ராபன்ஸலை எழுதுபவர் அதைப் படித்துவிட்டு, வாள் உள்ளங்கையில் மட்டும் கீறியதாக அவராகவே எழுதினார். "காயம் வேண்டும், ஆனால் அதன் அளவை நான் சொல்ல வேண்டும்" என்றார். அதோடு சரியாகிவிட்டது.

தவளை இளவரசன் கொஞ்சம் இழுத்தது. அதை எழுதுபவர் குடியை விட மறுத்தார். கிரிம் கதையில் முத்தம் கிடையாது, இளவரசி தவளையைச் சுவரில் ஓங்கி அடித்ததால்தான் அவன் மனிதனானான் என்று சொன்னேன். மறுநாள் அவர் எழுதியதில் இளவரசன் சுவர்ப்பக்கம் முதுகு வைத்து உட்காரவே மாட்டான், எப்போதும் கூடத்தின் நடுவில்தான் உட்காருவான். குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அவராகவே விட்டுவிட்டார்.

நான் எதிர்பார்க்காத சீன் ஒன்று ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின்னிடமிருந்து வந்தது. அவன் ராபன்ஸல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன்னை உன் பெற்றோர் ஒரு கீரைக்காகக் கொடுத்துவிட்டார்களாமே. வாங்கிப் போனவள் உன்னை எப்படி வளர்த்தாள்?" என்று கேட்டான். அவனும் ஒரு குழந்தையைப் பேரம் பேசியவன், அவனுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவனுக்கே தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவளிடம் கேட்கிறான். இதை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. அந்த இரவு மட்டும் பதினொரு பகுதி எழுதினோம்.

என் சிண்ட்ரெல்லா இன்னும் கேட்கவில்லை. அக்காளைக் கூட்டிக்கொண்டு ராபன்ஸலின் மேசைவரை போனாள், நின்றாள், தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ராபன்ஸலை எழுதுபவர் தனியாக ஒன்று சொன்னார்: இரட்டைக் குழந்தைகளோடு காட்டில் கிடந்து, இளவரசனைக் கண்ட அன்று அழுததுதான் அவள் கடைசியாக அழுதது, அதற்குப் பிறகு அழுகையே வரவில்லை. அப்படியானால் நான் கேட்கலாமா? கேட்டால் அவளை வற்புறுத்துவது போல் ஆகிவிடாதா? எத்தனை சுற்று தள்ளிப்போடலாம்?

ஆந்தைக்கண்:

தள்ளிப்போடாதீர்கள், கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் பாத்திரத்தின் தேவை, அதை மறைத்து வைத்தால் எதிரில் இருப்பவருக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. ஆனால் முதலில் புறாக்களைப் பற்றி உங்கள் ராணி வாய்திறந்து சொல்ல வேண்டும், அதுவும் அக்காளின் காதுபட. அதைச் சொல்லாமல் கண்ணீர் கேட்டால் அது இன்னொரு பேரமாகிவிடும். பேரத்தால் ஒரு முறை கைமாறியவளிடம் அது எடுபடாது. ராபன்ஸல் மறுத்தால் மறுக்கட்டும், அப்போதும் கதை நகரும்.

கரிக்கோடு:

புறாக்களைப் பற்றி நேற்று எழுதிவிட்டேன். ஏவினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது, ஆனால் அவை பறந்து போனபோது நிறுத்தச் சொல்லவில்லை என்று என் ராணி அக்காளிடம் சொன்னாள். அந்தச் சுற்றில் சத்திரக்காரியை எழுதுபவரே அக்காளையும் எழுதுகிறார். அக்கா பதில் சொல்லவில்லை, பிடித்திருந்த கையையும் விடவில்லை என்று எழுதினார். அதன் பிறகு நான் கேட்டுவிட்டேன். இன்று இரவு ராபன்ஸலின் முறை. எல்லாரும் காத்திருக்கிறோம்.