ஹேஸி ஐ.பி.ஏ.: அடியில் பச்சை மண்டி, ஒரு கேனில் மட்டும் வெண்ணெய் வாசம். ஏன்?

கிளாஸ்கழுவி (கேள்வி):
அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஒரு சின்ன புரூவரியின் (பீர் ஆலை) ஹேஸி ஐ.பி.ஏ. (ஹாப்ஸ் வாசம் தூக்கலான, கலங்கலான பீர்), 473 மி.லி. கேன் நான்கு. 6.8% ஆல்கஹால், சிட்ரா, மொசைக் ரக ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ), ஓட்ஸும் கோதுமையும் உண்டு. அடைத்து 5 நாள்தான் ஆகிறது. மூன்று கேன் 3 டிகிரி ஃபிரிட்ஜில். இடமில்லாததால் ஒன்று மட்டும் சமையலறை அலமாரியில் 3 நாள் இருந்தது.

ஃபிரிட்ஜ் கேனை எடுத்த கையோடு உயரமான கிளாஸில் ஊற்றினேன். வாசம் சொல்லும்படி இல்லை. கடைசி மடக்கில் பச்சை மண்டி, தொண்டையில் மிளகுத்தூள் ஒட்டினதுபோல் எரிச்சல். அலமாரி கேனைக் குளிரவைத்துத்தான் திறந்தேன். ஆனாலும் பொங்கி வழிந்தது, தியேட்டர் பாப்கார்ன் வாசம் வேறு.

இதில் எது பீரின் குறை, எது என் குறை? மீதி இரண்டை எப்படிச் சுவைப்பது? மண்டியைக் கலக்கி ஊற்றணுமா, விட்டுவிடணுமா?

ஹாப்புச்சாமி:
வாசம் வராதது உங்கள் கைவேலை. 3 டிகிரியில் பீர் வாயைத் திறக்காது. 7 முதல் 10 டிகிரி வேண்டும். வாய் குறுகி வயிறு அகன்ற துலிப் கிளாஸில் 150 மி.லி. மட்டும் ஊற்றி, 10 நிமிடம் விட்டுவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வாசம் தங்க இடமிருக்காது.

கிளாஸைத் தண்ணீரில் அலசிவிட்டு ஈரத்தோடே ஊற்றுங்கள். உள்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் எண்ணெயோ சோப்போ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், நுரையும் சீக்கிரம் படுத்துவிடும்.

முகரும்போது நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று தடவை. சிட்ரா, மொசைக் என்றால் கொய்யா, பப்ளிமாஸ், பழுத்த மாம்பழம் தேடுங்கள். பச்சை மாங்காயின் பிசின் வாசமும் வரலாம். மாங்காய் வாசத்தில் இருக்கும் மிர்சீன் ஹாப்ஸிலும் நிறைய உண்டு. வெங்காயம், பூண்டு அடித்தால் பீர் கெட்டுப்போகவில்லை. தாமதமாக அறுவடை செய்த ஹாப்ஸில் அது வரும்.

கூடவே கார மிக்ஸர் வேண்டாம். காரம் கசப்பையும் ஆல்கஹால் சூட்டையும் கூட்டிக் காட்டும். வெறும் பொரி போதும்.

மண்டிக்கடை:
கலங்கலும் மண்டியும் ஒன்றல்ல, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இந்த வகையின் கலங்கல் ஓட்ஸ், கோதுமையின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனாலும் (துவர்ப்புப் பொருள்) பிணைந்து மிதப்பது. அது ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருந்தாலும் தெளியாது, தெளியவும் கூடாது. அடியில் நீங்கள் பார்த்த பச்சை, ஹாப்ஸ் துகளும் ஈஸ்டும். லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் டிரை ஹாப் (கொதிக்க வைக்காமல், வாசத்துக்காகக் கடைசியில் சேர்க்கும் ஹாப்ஸ்) போட்டு, துகள் இறங்கும் முன்பே அவசரமாகக் கேனில் அடைத்தால் இப்படி ஆகும். தொண்டை எரிச்சலும் அதனால்தான். அதைக் கசப்போடு சேர்க்காதீர்கள். கசப்பு நாக்கில் நிற்கும், இது தொண்டையைச் சுரண்டும்.

கலக்க வேண்டாம். கேனை 2 நாள் நிமிர்த்தி வைத்து, ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி 2 செ.மீ. விட்டுவிடுங்கள். அதே வெர்மான்ட்டின் வாட்டர்பரி ஊரிலிருந்து வந்த பிரபல ஐ.பி.ஏ. ஹெடி டாப்பரின் கேனில் 'கேனிலிருந்தே குடியுங்கள்' என்று அச்சடித்திருப்பார்களே என்று யாராவது கேட்பீர்கள். குடிக்க அது சரி. ஆராய்ந்து சுவைக்க வேண்டுமென்றால் கிளாஸ்தான்.

புரூஹவுஸ்_பாலு:
பாப்கார்ன் கேனுக்கு வருகிறேன். அது டைஅசிடைல், வெண்ணெய் வாசம் தரும் பொருள். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம் கொஞ்சம் உண்டு. ஈஸ்ட் தின்னாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை (பாதி உடைந்த மாவுச்சத்து) அது சர்க்கரையாக்கும். கேனில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மறுபடி நொதிக்க வைக்கும். அதனால் கூடுதல் வாயு, அதுதான் பொங்கல். கூடவே அசிட்டோலாக்டேட் என்ற வாசமில்லாத முன்பொருள் உருவாகி, சூட்டில் டைஅசிடைலாக மாறும். தொட்டியில் நிறைய ஈஸ்ட் இருந்தால் அதைத் திரும்ப விழுங்கிவிடும். கேனில் இருக்கும் நாலு ஈஸ்டால் முடியாது.

சமையலறைச் சூடு தூண்டிவிட்டது உண்மை. ஆனால் முழுப்பழி உங்கள் மேல் இல்லை. புரூவரிதான் ஹாப்ஸ் போட்டபின் 18 முதல் 20 டிகிரியில் வைத்து, அடர்த்தி இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகுதான் குளிர்விக்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் கேனில் சோதித்துப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக் குவளையில் 100 மி.லி. வீதம் ஊற்றி, இரண்டையும் ஃபாயிலால் லேசாக மூடுங்கள் (இறுக்காதீர்கள்). ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, பிறகு ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து ஒப்பிடுங்கள்.

மண்டிக்கடை:
நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் பால் நிறம் நல்லது. சாம்பலோ பழுப்போ ஏறி, தேன் அல்லது ஈர அட்டை வாசம் வந்தால் ஆக்ஸிஜன் புகுந்துவிட்டது. நறுக்கிவைத்த வாழைக்காய் கறுப்பதுபோல, இதிலும் பாலிஃபீனால்தான் மாட்டிக்கொள்கிறது. அப்படி ஆனதை மீட்க வழியில்லை.

கிளாஸ்கழுவி:
நிறம் நல்ல மஞ்சள். சோதனையில் குளிர்ந்த குவளையில் கொய்யாவும் பப்ளிமாஸும் மட்டும். சூடாக்கியதில் தெளிவாக வெண்ணெய்.

புரூஹவுஸ்_பாலு:
அப்போ முன்பொருள் உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது. முடியாத பீரை அடைத்துவிட்டார்கள். சூடாக்கியதிலும் வராமல் இருந்திருந்தால்தான் தேறிய பீர். கடைசி கேனைக் கதவுத் தட்டில் வைக்காமல் பின்பக்கம், குளிர் அதிகமான இடத்தில் நிறுத்துங்கள். 3 டிகிரியில் அந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். பத்து நாளில் துகளும் இறங்கி எரிச்சல் குறையும். அதற்கு மேல் காத்திருந்தால் கொய்யா வாசம்தான் மங்கும்.

புரூவரிக்கு எழுதுவதானால் கேன் அடியில் இருக்கும் தேதி, தொகுதி எண், அலமாரியில் இருந்த 3 நாள், சோதனை முடிவு நான்கையும் எழுதுங்கள். அலமாரி விஷயத்தை மறைத்தால் அவர்கள் தப்பான இடத்தில் தேடுவார்கள்.