மனுவில் ‘ஓரவஞ்சனை’ என்று எழுதலாமா?

தெற்குத்தெரு:
திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கப்போகிறோம். எங்கள் காலனிக் குழாயில் அரைமணி நேரம்கூடத் தண்ணீர் வராது. மேலத்தெருவுக்கு வால்வைத் திறந்தால் தொட்டி காலியாகும்வரை ஓடும். பஸ் ஸ்டாப் டீக்கடையில் எங்களுக்குப் பேப்பர் கப், அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். அம்மா சொல்கிற மாதிரியே ‘ஊரில் ஓரவஞ்சனை நடக்கிறது’ என்று எழுதினேன். ‘பாரபட்சம்’தான் மனுவுக்கு ஏற்ற சொல் என்கிறான் தம்பி. எது சரி?

ஏட்டுச்சுரைக்காய்:
இரண்டும் ஒன்றுதான். ஓரம் என்றாலும் பட்சம் என்றாலும் பக்கம். ‘மன்றோரம் சொன்னார் மனை’யில், அதாவது வழக்கு மன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து பேசியவர் வீட்டில், வெள்ளெருக்கு பூத்துப் பாழாகும் என்று நல்வழியில் ஔவையே சபித்திருக்கிறார். அம்மாவின் சொல்லையே வையுங்கள்.

மனுக்காரன்:
ஐயா ஔவையோடு நிறுத்திவிட்டார். நான் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவன். ஒருத்தருக்குக் கூட்டியும் இன்னொருத்தருக்குக் குறைத்தும் கொடுப்பது ஓரவஞ்சனை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. தண்ணீருக்கு அது பொருந்தும். டீக்கடைக்காரர் உங்களுக்கு டீயைக் குறைத்தா ஊற்றுகிறார்? சாதி பார்த்து கிளாஸைத் தர மறுக்கிறார். அதற்குப் பேர் தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்த அதே தீண்டாமை. 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்றே இருக்கிறது. ‘பாரபட்சம்’ என்று எழுதிப் பாருங்கள், சமாதானக் கூட்டம் போட்டு, ‘இனி எல்லாருக்கும் பேப்பர் கப்’ என்று முடித்துவிடுவார்கள். டீயும் நன்றாக இருக்காது!

தெற்குத்தெரு:
‘தீண்டாமை’ என்று எழுதினால் ஊர்ப்பகை வரும் என்று தம்பி பயப்படுகிறான் அண்ணே.

மனுக்காரன்:
பயம் நியாயம்தான் தம்பி. அதனால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள், தெருவே போடட்டும். இரண்டையும் ஒரே மனுவில் திணிக்கவும் வேண்டாம். தண்ணீர்ப் புகார் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) மேஜைக்குப் போகும்போது கிளாஸ் விஷயமும் அதோடு போய்க் காணாமல் போகும். டீக்கடைக்குத் தனி மனு. எந்தக் கடை, எந்தத் தேதி, யார் யார் போனீர்கள், அவர் என்ன சொன்னார், எல்லாம் வேண்டும். நகலை டி.எஸ்.பி.க்கும் கொடுங்கள், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் விசாரிக்க வேண்டியவர் அவர்தான். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள்.