மேசைக்கு மேலே மாட்ட ஒரு ராணுவ அதிகாரியின் ஓவியம்

கேள்வி:
வாசிக்கும் அறையில் மேசைக்கு மேலே மாட்ட, பழைய ராணுவ அதிகாரி ஒருவரின் ஓவிய நகல் தேடுகிறேன். குதிரை, வாள், புகை என்று போர்க்களம் வேண்டாம். தினமும் பார்க்கிற முகம் கடுகடுவென்று இருக்கக் கூடாது. எதை வாங்கலாம்?

பதில்:
பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் டிஸோ 1870இல் வரைந்த, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கேப்டன் பிரெட் பர்னபியின் ஓவியம். யோசிக்கவே வேண்டாம். மூல ஓவியம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. பர்னபி சோபாவில் சாய்ந்திருக்கிறார், விரலிடையில் சிகரெட், பின்னால் சுவரில் பெரிய வரைபடம். கால்சட்டையில் நீளமாக ஓடும் அந்தச் சிவப்புப் பட்டைதான் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். ஆள் ஆறடிக்கு மேல் உயரம். பிற்பாடு கடும்பனியில் மத்திய ஆசியாவின் கீவா நகர் வரை குதிரையில் போனவர். 1885இல் சூடானில், அபு கிலியா சண்டையில் இறந்தார். அது தெரிந்து பார்த்தால் அந்தச் சாவதானமான சாய்வு மனசை என்னவோ செய்கிறது.

கேட்டவர்:
தேடிப் பார்த்தேன் அண்ணா, ரொம்பப் பிடித்துவிட்டது. 36 அங்குல அகலத்தில் கேன்வாஸில் போடலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி. மூலமே சின்னது, சுமார் 60க்கு 50 செ.மீ.தான். 24க்கு 20 அங்குலம் போட்டால் கிட்டத்தட்ட அசல் அளவு. வழவழப்பான மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது அது. கேன்வாஸ் நெசவு அந்த நுணுக்கத்தைக் கெடுத்துவிடும். பளபளப்பில்லாத மேட் தாள் நல்லது.

இன்னொருவர்:
20க்கு 16 ரெடிமேட் ஃபிரேம் வாங்கிவிடாதீர்கள், மேலேயோ கீழேயோ நறுக்க வேண்டிவரும். ஜன்னல் வெயில் நேரே விழாத சுவராகவும் பாருங்கள், சிவப்பு வெளிறிப்போகும்.