போதை ஒழிப்பு ஊர்வலம் குறித்து: பணத்தை மைதானத்துக்குக் கொடுப்போம்

அன்பின் ஊரவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளை இந்த மடற்குழுவுக்கு எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். போதைப் பழக்கத்துக்கு எதிராக ஊரில் ஒரு ஊர்வலம், சந்தியில் பெரிய பதாகை, பாடசாலையில் பொலிஸ் அதிகாரி ஒருவரின் உரை, எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய். இதை முன்வைத்த அண்ணன்மாரின் வேதனை எனக்குத் தெரியும். எனக்கும் அதே வேதனைதான். ஆனாலும் இந்தப் பணம் இப்படிச் செலவாகக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மடல் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

போன ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு சனசமூக நிலையத்தைக் கடந்து நடந்தேன். கதவில் துருப்பிடித்த பூட்டு. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஈழநாடு, வீரகேசரி பத்திரிகைகளை யார் முதலில் எடுப்பது என்று பெரியவர்கள் காத்திருந்த அதே விறாந்தையில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. பின்னால் மைதானம் முழுவதும் நெருஞ்சி. கோல் கம்பம் ஒரு பக்கத்தில்தான் நின்றது. முன்னால் உள்ள மதகில் ஆறேழு பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் எனக்கு உறவு. யாருடைய பிள்ளை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். என்னைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றான். வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். விரல்களுக்கிடையில் சின்னஞ்சிறு பொலித்தீன் பை தெரிந்தது. மாவா. சீவிய பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த பொட்டலம்.

நான் அதைக் காணாதவள்போல, "விளையாடப் போகவில்லையா?" என்று கேட்டேன்.

"எங்கே மாமி விளையாடுவது? ரியூசன் முடிந்து போனால் வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா வெளிநாட்டில். இங்கே இருந்தால் கதைக்க ஆட்களாவது இருக்கிறார்கள்" என்றான்.

அந்தப் பதிலை நான் ஒஸ்லோ வரை கொண்டுவந்துவிட்டேன். மாவா விற்றவன் நாளைக்குப் போதை மாத்திரையும் விற்பான், அதற்கு மறுநாள் ஐஸ் என்கிற கொடிய போதைப்பொருளையும் நீட்டுவான் என்று நாம் எல்லோரும் பயப்படுகிறோம். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பையன் எனக்குச் சொன்னது வேறு விஷயம். நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை அவனுக்கு ஊரில் இடமில்லை. அந்த நேரத்தில் அவனைத் தேடுகிற ஒரே ஆள் பொட்டலம் விற்பவன்.

ஊர்வலம் ஏன் வேண்டாம் என்கிறேன்? 1983இல் லொஸ் ஏஞ்சலிஸில் பொலிசார் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளைப் பாடமாக நடத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. அமெரிக்கா முழுவதும் பரவியது, வெளிநாடுகளுக்கும் போனது. அதில் படித்த பிள்ளைகளையும் படிக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்தன. பழக்கத்துக்குள் விழுவதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்றே அவை திரும்பத் திரும்பக் கூறின. பிள்ளைகளுக்குத் தீமை தெரியாமல் இல்லை. மதகில் இருந்த பையனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கையை மறைத்தான்.

நான் இருக்கும் நகரத்தில் 1990இல் ஒரு வழக்கம் தொடங்கியது. வார இறுதி இரவுகளில் பெரியவர்கள் மஞ்சள் மேலங்கி அணிந்து தெருக்களில் நடப்பார்கள். இரவு அண்டங்காக்கைகள் என்பது அவர்களுக்குப் பெயர். கூட்டமாகத்தான் நடக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது, யாரையும் பிடிக்கவோ விசாரிக்கவோ கூடாது, சண்டைக்குள் கையை நுழைக்கக் கூடாது. பிள்ளைகளின் கண்ணில் படுவதுதான் வேலை. என் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது நானும் போகத் தொடங்கினேன். முதல் இரவே ரயில் நிலையப் படியில் ஒரு பெண்பிள்ளை குடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னுடன் வந்த தாய் ஒருவர் தன் சால்வையை அவள் தோளில் போட்டு, தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, குளிர்ந்த படியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யார் பெற்ற பிள்ளை, எங்கே குடித்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. இருபது நிமிடம் கழித்து அந்தப் பிள்ளை தானாகவே தன் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள்.

பிள்ளைகளின் பக்கத்தில் பெரியவர்கள் நிற்கும் இந்த வழியை ஐஸ்லாந்தில் ஒரு நாடே எடுத்தது. 1998இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 வீதமானோர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். ஒருமுறையாவது கஞ்சா புகைத்தவர்கள் 17 வீதத்திலிருந்து 7 வீதத்துக்கும், தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 வீதத்திலிருந்து 3 வீதத்துக்கும் இறங்கினார்கள்.

அவர்கள் முதலில் செய்தது, பிள்ளைகளிடம் கேட்டது. பெயர் எழுதத் தேவையில்லாத வினாத்தாள். குடித்தாயா, புகைத்தாயா என்பதோடு, அம்மா அப்பாவுடன் எவ்வளவு நேரம் இருக்கிறாய், மாலையில் எங்கே போகிறாய், பாடசாலையில் உன்மேல் அக்கறைப்பட யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார்கள். விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது பழக்கத்துக்குப் போகாத பிள்ளைகளிடம் சில விஷயங்கள் பொதுவாக இருந்தன. வாரத்தில் மூன்று நான்கு நாளாவது யாராவது ஒருவர் பொறுப்பாக நடத்தும் விளையாட்டுக்கோ இசைக்கோ போனார்கள். பெற்றோருடன் கூடுதல் நேரம் இருந்தார்கள். பாடசாலையில் தங்களைக் கவனிப்பதாக உணர்ந்தார்கள். இரவில் நேரம் கடந்து வெளியில் திரியவில்லை.

பிறகு இந்த நான்கையும் பெருக்குவதே ஊர் வேலையாயிற்று. ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் அவர்களுக்கு முன்னோடியாகச் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்தது: பிள்ளை தேடுவது மனத்தின் ஒரு கிளர்ச்சியை; அதை ஆட்டத்திலும் பாட்டிலும் ஓட்டத்திலும் கொடுக்கலாம். தலைநகர் ரெய்க்யவிக்கின் நகரசபை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் விளையாட்டுக்கோ கலைக்கோ மட்டுமே செலவிடக்கூடிய பணத்தை ஒதுக்கியது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் பயிற்றுநர் கிடைத்தார். பதின்மூன்று முதல் பதினாறு வயதுவரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு வெளியில் தனியே நிற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பெற்றோர் கூடி, என் பிள்ளை இத்தனை மணிக்கு மேல் வெளியில் நிற்கமாட்டான், உன் பிள்ளை நின்றால் உனக்குச் சொல்வேன் என்று கையெழுத்திட்டார்கள். வாரத்தில் நான்கு முறையாவது ஒழுங்கான விளையாட்டுக்குப் போகும் பிள்ளைகள் 1997இல் 24 வீதம், 2012இல் 42 வீதம். வார நாட்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்னவர்கள் 23 வீதத்திலிருந்து 46 வீதமானார்கள். வினாத்தாளை அதோடு நிறுத்தவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு பாடசாலைக்கும் அதன் முடிவைக் கையில் கொடுத்தார்கள்.

அது பணக்கார நாடு, நமக்குச் சரிவராது என்று சிலர் எழுதுவீர்கள். அது பணக்கார நாடுதான். அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் வேறு நாடுகளிலும் பிள்ளைகளின் குடி குறைந்தது என்பதும் உண்மை. எல்லாப் பெருமையையும் இந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் அளவில் அது ஒன்றும் பெரிய தேசமல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தைவிடக் குறைந்த மக்கள்தான் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் புதிதாக உருவாக்கியவற்றில் பாதி நம் ஊரில் ஏற்கெனவே இருந்தவை. சனசமூக நிலையம் இருந்தது, விளையாட்டுக் கழகம் இருந்தது, மாதர் சங்கமும் சிரமதானமும் இருந்தன. பொழுதுபட்ட பிறகு ஒழுங்கையில் நின்றால், யாரோ ஒரு மாமா சைக்கிளை நிறுத்தி, "வீட்டுக்குப் போகவில்லையா?" என்று கேட்டார். அந்த மாமாமாரில் முக்கால்வாசிப் பேர் இப்போது இந்த மடற்குழுவில்தான் இருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். பதினாறு வயதுப் பையனின் கையில் நேரடியாகப் பணம் போவது நம்மிடமிருந்துதான். பிறந்தநாளுக்குப் புதுக் கைத்தொலைபேசி, சாதாரண தரம் சித்தியடைந்தால் மோட்டார் சைக்கிள். பக்கத்தில் இருந்து வளர்க்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் அனுப்புகிறோம், நானும் அனுப்பியவள்தான். இனிமேல் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் காசு தாயின் கையில் மட்டும் போகட்டும் என்று நமக்குள் ஒரு வாக்குக் கொடுப்போமா? ஐஸ்லாந்துப் பெற்றோர் போட்ட கையெழுத்துக்குச் சமமாக நம்மால் தூரத்திலிருந்து செய்யக்கூடியது இதுதான்.

என் யோசனை இது. மைதானத்தை ஊரவர்கள் சிரமதானமாகத் துப்புரவாக்கட்டும். செலவு தேநீருக்கு மட்டும்தான். நாம் நான்கு விளக்குகளுக்கும், ஒரு பயிற்றுநரின் மாதச் சம்பளத்துக்கும் பொறுப்பெடுப்போம். விளக்கை ஒருமுறை போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டு மறக்கும் வேலை வேண்டாம். பயிற்றுநர் வாரத்தில் ஐந்து மாலையும் வரவேண்டும், மூன்று வருடமாவது வரவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து. பந்து பிடிக்காத பிள்ளைக்குச் சனசமூக நிலையம் நாலு மணிக்குத் திறக்கட்டும், மேளமோ மிருதங்கமோ கேட்கட்டும். பெயர் எழுதாத வினாத்தாளை அதிபரின் சம்மதத்தோடு முதல் தவணையிலேயே கொடுத்து, பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்போம். நான் மேலே எழுதியதில் பாதி பிழை என்று அவர்கள் சொன்னால் அதையும் ஏற்போம். கடைக்காரர்களிடம் மாதர் சங்கத்தார் நேரில் போய்ப் பேசட்டும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலையும் மதுவும் விற்பது இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பதாகை ஒன்று வேண்டுமென்றால் இதை எழுதிக் கடை வாசலில் வையுங்கள்.

ஏற்கெனவே பழக்கத்துக்குள் போய்விட்ட பிள்ளைகளுக்கு மைதானம் போதாது. அவர்களுக்கு வைத்தியம் வேண்டும். ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு பெரியவரும் பஸ் காசும் வேண்டும். அடியும் சத்தியமும் ஊர்ப் பேச்சும் அவர்களைக் குணமாக்கியதை நான் கண்டதில்லை. போன மாதம் இந்தக் குழுவில் ஒரு பையனின் படம் வந்தது, முகம் தெளிவாகத் தெரிய. அதற்குக் கீழே நம்மவர்கள் எழுதியவற்றை இங்கே திரும்ப எழுத என்னால் முடியவில்லை. அவனுடைய தாயும் இந்த மடல்களைப் படிக்கிறார். அதைக் குழுவின் சேமிப்பிலிருந்து நிர்வாகிகள் இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுங்கள். பயிற்றுநரின் முதல் மூன்று மாதச் சம்பளத்தை நானும் என் கணவரும் தருகிறோம். மற்ற மாதங்களை ரொறன்ரோ, சூரிச், மெல்பேர்ன் கிளைகள் பிரித்துக்கொண்டால் நல்லது. லண்டன் அண்ணன்மார் விளக்குகளைப் பொறுப்பெடுத்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

சனசமூக நிலையத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று நான் ஊரில் ஐந்து பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியாகப் பூட்டியவர் இந்தக் குழுவில் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து உங்கள் தங்கை