மூளையில் சில்லு வைக்கும் சோதனைக்கு ஒருவர் தானாக முன்வந்தால் தடுக்கலாமா?

செந்தூல்காரன்:
என் தம்பிக்கு வயது 31. மோட்டார் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, தோளுக்குக் கீழே அசைவு இல்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் வருகிறது, அம்மா கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். 2024 ஜனவரியில் எலான் மஸ்கின் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் தன் சில்லைப் பொருத்தியது. நோலண்ட் ஆர்பா என்ற அந்த அமெரிக்க இளைஞரும் தம்பியைப் போலவே முடங்கியவர். கையை அசைக்க நினைத்தாலே திரையில் சுட்டி நகர்கிறது, செஸ் ஆடுகிறார். அதைப் பார்த்ததிலிருந்து தம்பிக்கு வேறு பேச்சே இல்லை. இப்படி ஒரு சோதனை கோலாலம்பூரில் நடந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன் என்கிறான். மாமாவும் சித்தியும் கூடவே கூடாது என்கிறார்கள். அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, உடம்பு அவனுடையது. வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் டீச்சர்:
காரணம் வெளியூரில் தேட வேண்டாம், கோலாலம்பூரிலேயே இருக்கிறது. நூற்றிருபது வருடங்களுக்கு முன் மலாயாவில் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளிகள் விழுந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. காரணம் அரிசியா என்று பார்க்க, வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு, அவர்களுக்கு முன்பு கொடுத்த அதே சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்கு வார்டுக்கு, அவர்களுக்குப் புழுங்கலரிசி. அடுத்த ஒரு வருடத்தில் கிழக்கு வார்டில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மேற்கில் ஒருவரும் இல்லை.

பெரிபெரி வைட்டமின் குறைவால் வருவது என்ற அறிவுக்கு அது ஒரு படி, மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்களில் ஒருவரிடமாவது யாராவது கேட்டார்களா? மருத்துவம் முன்னேறும்போது அடி வாங்குவது எப்போதும் வேறு வழியில்லாதவர்கள்தான். உங்கள் தம்பியும் இன்று வேறு வழியில்லாதவர். அதனால்தான் பயப்படுகிறேன்.

செந்தூல்காரன்:
டீச்சர், அந்த விடுதியில் நடந்தது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே நடந்த தப்பு என்ன? அந்த மனிதர்களுக்கு என்ன வேண்டும் என்பதை வேறு ஒருவர் முடிவு செய்தார். இப்போது தம்பி வாய் திறந்து எனக்கு வேண்டும் என்கிறான், நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்கிறீர்கள். படுக்கையில் கிடப்பவன் சொல்லுக்கு அன்றும் மதிப்பில்லை, இன்றும் மதிப்பில்லை என்றால் என்ன மாறியது?

பில் கென்னடி என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2014இல் பெலீஸ் நாட்டுக்குப் போய், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த தன் மூளையிலேயே மின்முனைகளை வைத்துக்கொண்டார். அறுவை முடிந்தபின் சில நாள் பேச்சே போனது, பிறகு திரும்பியது. அவருக்கு இருந்த உரிமை என் தம்பிக்கு ஏன் இல்லை?

பட்டர்வொர்த் டீச்சர்:
அவர் ஏன் பெலீஸுக்குப் போனார்? சொந்த நாட்டில் அனுமதி கிடைத்திருக்காது என்பதால். சிகிச்சைக்காக வெளிநாட்டவர் வந்து குவியும் ஊர் கோலாலம்பூர், பினாங்கும் அப்படித்தான். நாம் விதியைத் தளர்த்தினால் சோதனைக்காரர்களும் இங்கேதான் வருவார்கள். அவர்கள் கதவைத் தட்டப்போவது கென்னடி போன்ற மருத்துவர்கள் வீட்டில் அல்ல. செந்தூலில் ஏழைகள் இருக்கும் பிபிஆர் அடுக்குமாடி வீட்டில், தோட்டப்புறத்து வீட்டில்.

பாயான் லெப்பாஸ் டெக்னீஷியன்:
நான் பினாங்கில் மருத்துவக் கருவி செய்யும் வேலையில் இருக்கிறேன். அனுமதிக்கலாமா கூடாதா என்ற சண்டைக்கு நடுவே ஒரு விஷயம் விட்டுப்போகிறது. வைத்த பிறகு யார் பார்ப்பது?

ஆர்பாவின் மூளைக்குள் போனது முடியைவிட மெல்லிய 64 இழைகள், அவற்றில் மொத்தம் 1,024 மின்முனைகள். சில வாரத்திலேயே பெரும்பாலான இழைகள் நழுவி வெளியே வந்துவிட்டன. சுமார் 15 விழுக்காடுதான் மிஞ்சியது. மென்பொருளை மாற்றி எழுதிச் சமாளித்தார்கள். சமாளிக்கப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. இல்லாவிட்டால்?

செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வை இழந்தவர்களின் கண்ணில் ஆர்கஸ் 2 என்ற கருவியைப் பொருத்தியது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல். 2019இல் அதன் உற்பத்தியை நிறுத்தி, 2020இல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்குள் இருக்கும் பொருளுக்கு உதிரிப் பாகமும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. எங்கள் வேலையிடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. எந்த நாளில், எந்தப் பொருளில், யார் கையில் உருவானது என்று அதை வைத்துத் தேடிவிடலாம். அந்த எண்ணைச் சொல்லி அழைத்தால் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டுமே.

கெப்போங் மாணவி:
சட்டம் படிக்கிறேன். டெக்னீஷியன் அண்ணா சொன்னதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணிக்கு நியூரோவிஸ்டா என்ற நிறுவனம் சோதனைக்காகக் கருவி வைத்தது. வலிப்பு வரும் முன்பே அது எச்சரிக்கும். பயமில்லாமல் வெளியே போக முடிந்தது. அந்தக் கருவியோடு தான் ஒன்றாகிவிட்டதாக அவர் உணர்ந்தார். 2013இல் நிறுவனத்தின் பணம் தீர்ந்தது. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவும் முயன்றார், நடக்கவில்லை. கடைசியில் எடுத்துவிட்டார்கள். இது மனித உரிமைக் கேள்வி என்று 2023இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

டீச்சர், நீங்கள் சில்லு வைப்பதைத் தடுக்கப் பார்க்கிறீர்கள். அந்தப் பெண்மணியின் விருப்பத்தை மீறி நடந்தது எடுக்கும்போதுதான். சோதனை முடிந்த பிறகு பங்கேற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை ஆரம்பிக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. ஆனால் அது சட்டம் அல்ல.

மூளைத் தரவு இன்னொரு தலைவலி. சிலி நாடு 2021இல் அரசியல் சட்டத்திலேயே மூளைச் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு எழுதியது. 2023இல் அதன் உச்ச நீதிமன்றம் ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்கும்படி, மூளை அலைகளைப் பதிவு செய்யும் தலைக்கருவி விற்கும் இமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 2010ஆம் வருடத்தது, மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது.

பட்டர்வொர்த் டீச்சர்:
நல்லது, தங்கச்சி. அப்படியானால் என் நிலையைத் தெளிவாகவே சொல்கிறேன். பராமரிப்புக்கும் எடுப்பதற்குமான பணத்தை நிறுவனம் முதல் அறுவைக்கு முன்பே வெளியார் ஒருவர் பொறுப்பில் கட்டிவைக்க வேண்டும். அதுவரை, சோதனைகளுக்கு அனுமதி தரும் எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடக் கூடாது. செந்தூல் சகோதரரிடம் இன்னொன்று. நாம் இவ்வளவு எழுதிவிட்டோம், உங்கள் தம்பி ஒரு வரிகூட எழுதவில்லை. அவரை எழுதச் சொல்லுங்கள்.

செந்தூல்காரனின் தம்பி:
குரலில் சொல்லி எழுதுகிறேன். நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, இந்தச் சில்லு அதைத் தராது என்று தெரியும். நான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்புகிறேன். வீடே கேட்கிறது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது நண்பனிடம் என்ன பேச முடியும்? சில்லு வைத்தால் தரவு நிறுவனத்துக்குப் போகும் என்கிறீர்கள். எனக்கு இப்போதே ரகசியம் என்று ஒன்று இல்லை. யாரிடம் இழப்பது என்பதையாவது நான் தேர்ந்தெடுக்கிறேனே.

எனக்கு இருக்கும் பயம் வேறு. வைத்த பிறகு தலைவலியோ தொற்றோ வந்து, போதும், எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னால், இத்தனை பேர் உழைப்பு வீணாகிறதே, இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று எல்லாரும் சொல்வார்கள். மருத்துவரும் சொல்வார், அண்ணனும் சொல்வார். அப்போது என் பேச்சுதான் கடைசிப் பேச்சாக இருக்குமா?

கெப்போங் மாணவி:
இருக்க வேண்டும், அண்ணா. சோதனைக்கு உட்பட்டவர் தானே அதை நிறுத்திக்கொள்ளலாம் என்பது, நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் பிறந்த 1947ஆம் வருட நூரெம்பர்க் நெறியின் 9ஆவது அம்சம். ஆனால் மாத்திரை என்றால் விழுங்காமல் இருந்தாலே நின்றுவிடும். இதை நிறுத்த இன்னொரு அறுவை வேண்டும். அதனால் சம்மதப் படிவத்திலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: எடுக்கும் அறுவையை யார் செய்வது, யார் செலவில், நீங்கள் சொன்ன நாளிலிருந்து எத்தனை நாளுக்குள். படிவத்தைத் தமிழில் வாசித்து விளக்க, நிறுவனத்தோடு தொடர்பில்லாத மருத்துவர் ஒருவர் வேண்டும் என்றும் கேளுங்கள். அவர் பேசும்போது அண்ணனும் அம்மாவும் வெளியே இருக்கட்டும்.